படிக்க ஒன்று, வைக்க ஒன்று

“நல்லதை வச்சுக்கிட்டு கிழிஞ்சதைத்தானே கொடுத்தீங்க? இப்ப வந்து கிழிஞ்சதுதான் வேணும்னா நான் என்னம்மா பண்றது?”

பழைய பேப்பர் கடைக்காரர் கோபமாகக் கேட்கவில்லை. ஆள் உயரத்துக்கு அடுக்கிய அட்டைக் கட்டுகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நைலான் கயிற்றின் ஒரு முனையைப் பல்லில் கவ்வி, மறுமுனையை இழுத்து முடிச்சுப் போட்டபடியே கேட்டார். அதனால் பாதி வார்த்தைகள் கயிற்றோடு சேர்ந்து வந்தன. அவள் வாசலிலேயே நின்றாள். மூன்று மாதங்களுக்கு முன்னால் இதே வாசலில்தான் வாடகை வண்டியிலிருந்து நான்கு சாக்குகளை இறக்கிவிட்டு, காசு எதுவும் வேண்டாம் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

“தெரியாம கொடுத்துட்டேன்,” என்றாள்.

“தெரியாம யாரும் நாலு சாக்கு கொடுக்க மாட்டாங்க.” கயிற்றை வாயிலிருந்து எடுத்தார். “படக்கதை. அட்டையில மூணு நிழலோட ஒருத்தன் நிப்பான். அதுதானே?”

அதுதான் என்று தலையாட்டினாள். தன் கணவரின் நாற்பது வருஷத்தை இந்த மனிதர் ஒரே வரியில் சொல்லிவிட்டாரே என்று இருந்தது.

கடைக்காரருக்கு ஞாபகம் நன்றாகவே இருந்தது. ஒரு சாக்கில் பாதியை மறுநாளே பொட்டலம் மடிப்பதற்கு ஒருவர் வாங்கிப் போய்விட்டார். அதைத் தேடிப் புண்ணியமில்லை, இந்நேரம் கடலை தின்று எறிந்திருப்பார்கள். மீதியை ஒரு டிரைவர் எடுத்துக்கொண்டார். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை வந்து இந்தக் குப்பையைக் கோழி மாதிரி கிளறிவிட்டுப் போகிற ஆள். அன்று சாக்கைப் பிரித்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை. “என்ன சார், வலியான்னு கேட்டேன். இல்லைங்கிறார். கண்ணு மட்டும் ஒரு மாதிரி இருந்துச்சு.” பெயர் தெரியாது. பதினேழாம் நம்பர் பஸ் ஓட்டுகிறார். மீசை கிடையாது. ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு துணிப்பை தொங்கும்.

“கொடுப்பாரான்னு எனக்குத் தெரியாதும்மா. இந்தப் பைத்தியம் பிடிச்சவங்க கையில போனது வந்ததில்ல. உங்க வீட்டுக்காரருக்கும் அதே பைத்தியம்தானே, உங்களுக்கே தெரியும்.”

அவளுக்குத் தெரியும் என்றுதான் இருபத்தொன்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களின் இருட்டுக் கிணறுகளுக்குள் இறங்கி, கிரீஸ் பூசிய கம்பிக் கயிறுகளைச் சரிபார்க்கிற வேலை. வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவுவார், துடைப்பார், மறுபடி ஒருமுறை கழுவுவார். அதற்குப் பிறகுதான் முந்நிழலனைத் தொடுவார். முந்நிழலன் என்பவனுக்கு மூன்று நிழல்கள். அவற்றை மூன்று திசைகளுக்கு அனுப்பலாம்; சுவருக்குள் நுழையும், பூட்டைத் திறக்கும், உளவு பார்க்கும். ஆனால் சூரியன் மறைவதற்குள் அவன் காலடிக்குத் திரும்பிவிட வேண்டும். திரும்பாவிட்டால் அவன் நினைவிலிருந்து ஒரு துண்டு போய்விடும். கல்யாணமான புதிதில் அவர் இதைக் கண்கள் விரியச் சொன்னபோது, மூன்று நிழல் இருக்கிறதே, ஒன்றை மார்க்கெட்டுக்கு அனுப்பக் கூடாதா என்று அவள் கேட்டாள். அவர் சிரித்தார். அதற்குப் பிறகு கதை சொல்வதை நிறுத்திக்கொண்டார். நிறுத்தியதை அவள் கவனிக்கவில்லை.

மொத்தம் இருநூற்றுப் பதினான்கு இதழ்கள். மாத இதழ் என்று அட்டையில் போட்டிருக்கும். வருவது பதிப்பாளரின் மனதைப் பொறுத்தது. பதினான்கு வயதில் பிடித்ததை, பதினொரு வருஷத்துக்கு முன்னால் கடைசி இதழ் வந்து கதை நின்றுபோகும் வரைக்கும் விடவில்லை. சம்பாதிக்க ஆரம்பித்த நாளிலிருந்து ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி வாங்கினார்; அதற்கு முன்னால் வந்தவற்றுக்கும் இரண்டாவது பிரதி தேடிப் பிடித்தார். வீட்டில் இரட்டைப் பிள்ளைகளா என்று புத்தகக் கடைக்காரர் ஒருமுறை கேட்டதற்கு, இல்லை, எனக்கு ஒன்று எனக்கே ஒன்று என்று பதில் சொன்னாராம். படிக்க ஒன்று, வைக்க ஒன்று. வைக்கிற பிரதியைப் பின்னால் அட்டை கொடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, வாயை ஒட்டிவிடுவார். அதை யாரும் திறக்கக் கூடாது, அவர் உட்பட. படிக்கிற பிரதி டீக்கறை, டேப் ஒட்டு, மடங்கிய மூலை எல்லாவற்றோடும் கீழ் அலமாரியில் கிடக்கும். வாரத்துக்கு இரண்டு என்று முதல் இதழிலிருந்து கடைசி வரை படிப்பார். முடிந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார்.

பக்கவாதம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பல் துலக்கும்போது. வலது கை போயிற்று, வலது கால் பாதி போயிற்று, பேச்சு முழுவதும் போயிற்று. ஐந்து வாரம் கழித்து வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்றார்கள். தலைப்பக்கம் உயர்த்துகிற கட்டிலும், சக்கர நாற்காலி திரும்ப இடமும் வேண்டும். வீட்டில் அதற்குத் தோதான ஒரே அறை, புத்தகங்கள் இருந்த அறை. திரைச்சீலை தைக்கும் கடையில் சம்பளமில்லா விடுப்பில் இருந்த அவள், இரண்டு நாள் தனியாக அந்த அறையைக் காலி செய்தாள். ஒரே கதை, ஒரே படம், இரண்டு பிரதி. எதை வைத்துக்கொள்வது என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. உறை போட்டவற்றை ஒவ்வொன்றாக ஈரத்துணியால் துடைத்து, எண் வரிசை மாறாமல் மேல் அலமாரியில் அடுக்கினாள். கிழிந்தவற்றைச் சாக்கில் கட்டினாள். பார்க்க வந்த உறவினர்களிடமெல்லாம், எத்தனை கஷ்டத்திலும் அவருடைய நல்ல புத்தகங்களில் நான் கை வைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டாள். நாத்தனார் கூட, என்ன இருந்தாலும் உனக்குத்தான் என் தம்பி மனசு தெரியும் என்றாள்.

வீடு திரும்பியவரிடம் ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது. ‘அது.’ தண்ணீருக்கு அது, மின்விசிறிக்கு அது, வேறு ஊரில் வேலை பார்க்கும் மகளின் முகம் ஃபோனில் தெரிந்தால் அதற்கும் அது. ஒரு மாதத்தில் அவள் பதினோரு விதமான அதுவைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டாள். பன்னிரண்டாவதுதான் பிடிபடவில்லை. அதைச் சொல்லும்போது அவர் இடது கை கீழ் அலமாரியைக் காட்டும். அங்கே இப்போது துண்டுகளும் மருந்துப் பெட்டியும் இருந்தன. துண்டை எடுத்துக் கொடுப்பாள். தள்ளிவிடுவார். மருந்தை எடுப்பாள். முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

வாரத்தில் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். குடை, பசு, சாவி, கப்பல் என்று படம் போட்ட அட்டைகள் வைத்திருப்பாள். ஒவ்வொரு அட்டையையும் அவர் வாங்குவார், புரட்டிப் பின்பக்கத்தின் கீழ் ஓரத்தைப் பார்ப்பார், திருப்பிக் கொடுத்துவிடுவார். பயிற்சிக்கு ஒத்துழைக்க மாட்டேன் என்கிறார் என்று அந்தப் பெண் தன் நோட்டில் எழுதினாள். ஒருநாள் வேறு வழி தெரியாமல், அவருக்குப் பிடித்ததாயிற்றே என்று, மனைவியே மேல் அலமாரியிலிருந்து ஒரு உறையை எடுத்துக் கத்தரியால் வாயை வெட்டினாள். அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஆனாலும் வாங்கிக்கொண்டார். படத்தையோ கதையையோ பார்க்கவில்லை. நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். வெள்ளையாக இருந்த கீழ் ஓரத்தை இடது கட்டை விரலால் தடவினார். பிறகு புத்தகத்தை மார்பில் கவிழ்த்து வைத்துக்கொண்டு அழுதார்.

ஃபோனில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த மகள்தான் சொன்னாள். படிக்கிற பிரதிகளில் அப்பா அங்கே எழுதுவார். ஒவ்வொரு தடவை படித்து முடித்ததும் தேதி போட்டு, எத்தனையாவது தடவை என்று போட்டு, அன்றைக்கு என்ன தோன்றுகிறதோ ஒரு வரி. பென்சிலில். எத்தனை வருஷமாக என்று அவள் கேட்டாள். நான் பிறப்பதற்கு முன்னாலிருந்து என்றாள் மகள். பிறகு மெதுவாக, “உனக்குத் தெரியாதாம்மா?” என்று கேட்டாள்.

தெரியாது. ஒரு பிரதியைக் கூட அவள் திறந்ததில்லை. சாக்கில் கட்டும்போதும் திறக்கவில்லை.

பயிற்சிக்கு வந்த பெண்ணிடம் இதைச் சொன்னபோது அவள் நோட்டை மூடினாள். சில பேருக்கு அடுத்தவர் வார்த்தை உள்ளே போகாது, தான் எழுதினது போகும். உறுதி கொடுக்க முடியாது, ஆனால் அந்தப் புத்தகங்கள் கிடைத்தால் உடனே கொண்டு வாருங்கள் என்றாள். வாசல் வரை போனவள் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: “முதல் ஆறு மாசத்துலதாங்க வர்றது வரும். அதுக்கப்புறம் வராதுன்னு சொல்லல. ஆனா கஷ்டம்.”

இது நான்காவது மாதத்தின் கடைசி வாரம்.

பதினேழாம் நம்பர் பஸ்கள் மூன்றை விட்டுவிட்டாள். மூன்றிலும் மீசை. நான்காவதில் ஸ்டியரிங் பக்கத்தில் பழுப்புநிறத் துணிப்பை ஒன்று பிரேக் போடும்போதெல்லாம் முன்னால் வந்து பின்னால் போனது. டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். பையின் வாய் வழியாக ஒரு புத்தகத்தின் விளிம்பு தெரிந்தது. டேப் ஒட்டிய விளிம்பு. நிறுத்தத்துக்கு நிறுத்தம் அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். துணிக்கடைகள் போயின, ஒரு பாலம் போயிற்று, பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறி, சத்தம் போட்டு, இறங்கிப் போனார்கள். வண்டி கட்டை மாதிரி போகிறதே, பின்னால் இறங்கித் தள்ளவா என்று ஒரு பெரியவர் கேட்டார். “தள்ளுங்க ஐயா, எனக்கும் கால் வலிக்குது,” என்றார் டிரைவர் திரும்பாமல்.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள். அவள் இறங்கவில்லை. டிரைவர் இன்ஜினை அணைத்தார், பாட்டில் தண்ணீரை ஜன்னலுக்கு வெளியே நீட்டி இரண்டு கைகளையும் கழுவினார், துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். அதற்குப் பிறகுதான் பைக்குள் கை விட்டார்.

அந்தக் கை கழுவல் அவளுக்குத் தெரிந்ததுதான். பேச வேண்டும் என்று வழியெல்லாம் கோர்த்து வைத்திருந்தது எதுவும் வரவில்லை. “அது எங்க வீட்டுது,” என்றாள்.

டிரைவர் திரும்பினார். அவளைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்றார், துக்க வீட்டில் எழுந்து நிற்பது போல.

“அக்கா, நீங்கதானா அது,” என்றார். “அவரு போயி எவ்வளவு நாளாச்சு?”

அவர் போகவில்லை, உயிரோடுதான் இருக்கிறார் என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் டிரைவர் உட்கார்ந்துவிட்டார். சேகரிப்பவர் வட்டத்தில் அப்படித்தான் என்று பிறகு விளக்கினார். ஒருவன் சேர்த்தது ஒன்று இரண்டாக வந்தால் கஷ்டத்தில் விற்றிருப்பான். எண் வரிசையாகச் சாக்கில் வந்தால் ஆள் இல்லை என்று அர்த்தம். இவரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். சின்ன வயதில் அறுபதாவது இதழ் வரை படித்தவர். அதற்கு மேல் வாங்கித் தர ஆள் இல்லை. அறுபத்தொன்றில் என்ன ஆகியிருக்கும் என்று முப்பது வருஷம் யோசித்தபடியே பஸ் ஓட்டினார். இப்போது மூன்று மாதமாகத் தினமும் இந்தக் கடைசி நிறுத்தத்தில், வண்டி திரும்புவதற்கு முன்னால் கிடைக்கும் பன்னிரண்டு நிமிஷத்தில் ஒரு இதழ். சில நாள் இரண்டு. முன்னால் தாவிப் பார்ப்பதில்லை. நூற்று முப்பத்தொன்றில் நிற்கிறார்; கையில் இருந்தது அதுதான், காலை டிரிப்பில் முடித்தது.

“கதையைப் படிக்கிறது பத்து நிமிஷம். கடைசிப் பக்கத்துக்கு ரெண்டு நிமிஷம் மிச்சம் வைப்பேன்,” என்று சொல்லிவிட்டு, தயக்கத்தோடு புத்தகத்தை நீட்டினார்.

முதல் தடவையாக அவள் அதைத் திறந்தாள். கதை முடிந்த இடத்துக்குக் கீழே இருந்த இரண்டு விரல் அகல வெள்ளையில், எறும்பு வரிசை போல் பென்சில் எழுத்து. கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் கூட ஏறியிருந்தது. ‘மூணாவது தடவை. மழை. பாப்பாவுக்குக் காய்ச்சல் இறங்கிருச்சு.’ ‘ஏழாம் மாடியில லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டேன். டார்ச் வெளிச்சத்துல பாதி, மீதி வீட்டுல.’ ‘பத்தாவது. முடிவு தெரிஞ்சும் பக்கத்தைத் திருப்பப் பயமா இருக்கு.’ ‘பன்னெண்டாவது. சண்டை. பதினாலாம் பக்கத்துல நிறுத்தினதை நாலு நாள் கழிச்சு இன்னிக்குத்தான் முடிச்சேன். தப்பு என் மேலதான்.’ எந்தச் சண்டை என்று அவளுக்கு ஞாபகமே வரவில்லை.

எல்லாவற்றுக்கும் கீழே நீல மையில் வேறு கையெழுத்து இருந்தது. தேதி, ‘முதல் தடவை’, ஒரு வரி.

டிரைவர் தலையைச் சொறிந்தார். “செத்தவருக்குத்தானே எழுதறோம்னு நினைச்சேன்க்கா. தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கும் வீட்டுல பேச்சுக்கு ஆள் கிடையாது.”

அவள் தான் கொண்டு வந்த பேரத்தைச் சொன்னாள். உறை போட்டது, யாரும் தொடாதது, ஒன்று முதல் இருநூற்றுப் பதினான்கு வரை இருக்கிறது. அதை எடுத்துக்கொள்ளுங்கள், இதைக் கொடுங்கள். அவர் பேச்சு இதில்தான் இருக்கிறது.

“அதுல ஆள் இல்லையேக்கா,” என்றார் டிரைவர். சொன்னதும் தப்பாகச் சொல்லிவிட்டது போல் கையை ஆட்டினார். எதுவும் வேண்டாம், உயிரோடு இருக்கிறவர் பொருளை வைத்துக்கொள்ள நான் யார், நாளைக்கே எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டு வந்து இறக்குகிறேன் என்றார். “நூத்தி முப்பத்திரெண்டுல அந்த முதல் நிழல் திரும்பி வந்துச்சான்னு மட்டும் அவரைச் சொல்லச்...” பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மணி பார்த்தார். இரண்டு நிமிஷம் இருந்தது. இன்னொன்று சொல்ல வேண்டும் என்றார். சொல்லாமல் கொடுத்தால் மனசு கேட்காது.

“கடைசியா எழுதினதெல்லாம் பாருங்க. நூத்திப் பத்தொம்பதுல ஆரம்பிக்குது. கை மரத்துப் போகுதுன்னு எழுதியிருக்காரு. நான் படிச்ச வரைக்கும் நாலு இடத்துல இருக்கு. அதனாலதான் நான் அவரு போயிட்டாருன்னே முடிவு பண்ணினேன்.” குரலைத் தாழ்த்தினார். “உங்ககிட்ட சொல்லவே இல்லையா?”

மறுநாள் மதியம் டிரைவர் புத்தகங்களைக் கொண்டு வந்தபோது கணவர் தூங்கிக்கொண்டிருந்தார். வாசலிலிருந்தே எட்டிப் பார்த்தார். கட்டிலில் கிடந்தவரை வெகுநேரம் பார்த்தார். அவ்வளவு வருஷம் கடிதம் எழுதிய ஒருவரை நேரில் பார்ப்பது போல என்று அவளுக்குத் தோன்றியது. உள்ளே வரச் சொன்னதற்கு, வண்டிக்கு நேரமாகிவிட்டது என்றார். முதல் கட்டின் மேல் ஒரு துண்டுச் சீட்டைச் செருகிவிட்டுப் போனார். சேகரிக்கிறவர்கள் எல்லோரும் வைத்திருக்கிற சீட்டு. ‘இல்லாதவை: 7, 22, 90–118, 203.’

புத்தகங்களைக் கணவரிடம் கொடுப்பதற்கு முன்னால் அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, நூற்றுப் பத்தொன்பதிலிருந்து நூற்று எழுபத்தொன்று வரை கடைசிப் பக்கங்களை மட்டும் படித்தாள். இந்தச் சுற்றில் நூற்று எழுபத்தொன்றோடு கணவரின் எழுத்து நின்றிருந்தது. டிரைவர் பார்த்தது நான்கு. அவர் போகாத பக்கங்களில் இன்னும் ஐந்து இருந்தன. கை, விரல் நுனி, ஒருமுறை வாய் கோணியது, அரைமணியில் சரியாகிவிட்டது. கடைசியாக எழுதியது அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு நான்கு நாள் முன்னால். ஆறு மாதமாக அவர் இதை ஒரு படக்கதையிடம் சொல்லியிருக்கிறார். கீழ் அலமாரி அறை வாசலிலிருந்து மூன்றடி. வாரத்துக்கு ஒருமுறை அந்த அலமாரியைத் துடைத்தவள் அவள்தான். ஒரே ஒரு தடவை, துடைக்கிற சாக்கில், ஒன்றைப் பிரித்திருந்தால் போதும்.

ஒன்பது பிரதிகளையும் அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தாள்.

மீதியைக் கொடுத்தபோது அவர் அழவில்லை. இடது கையால் முதல் இதழின் கடைசிப் பக்கத்துக்குப் போய், பதினெட்டு வயதில் எழுதிய தன் எழுத்தின் கீழ் விரலை வைத்து, வரியோடு நகர்த்தினார். உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. ஆனால் அந்த அசைவு ‘அது’ என்ற சொல்லின் அசைவு அல்ல. பயிற்சிக்கு வந்த பெண் அதைப் பார்த்துவிட்டு, அடுத்த அறைக்கு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். படங்கள் போட்ட அட்டைகளை அதற்குப் பிறகு பையிலிருந்து எடுக்கவே இல்லை.

தினமும் நான்கைந்து என்று போனார். நீல மை எழுத்தை முதலில் பார்த்தபோது புருவத்தை உயர்த்தினார். அவள் டிரைவரைப் பற்றிச் சொன்னாள். எண்பத்தொன்பது முடிந்து நூற்றுப் பத்தொன்பது கைக்கு வர வேண்டிய இடத்தில், சாக்கு விஷயத்தை மறைக்காமல், நான்தான் சாக்கில் கட்டிக் கொடுத்தேன், கிழிந்ததாயிற்றே என்று கொடுத்தேன், அந்த இருபத்தொன்பதும் பொட்டலமாகப் போய்விட்டன என்று சொன்னாள். அன்று மதியம் முழுவதும் அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். சாயங்காலம் சாப்பாட்டுக்கு வாய் திறந்தார். மறுநாள் கையை நீட்டி, அவள் கொடுத்த நூற்று இருபதை வாங்கிக்கொண்டார். அவள் நடுவில் எடுத்து வைத்திருந்த நூற்றுப் பத்தொன்பதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. அதுவும் பொட்டலமாகப் போயிருக்கும் என்று விட்டுவிட்டார் போலும்.

உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. குரல் வரவில்லை. ஐந்தாவது மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது.

நூற்று இருபத்து மூன்றை மூடிவிட்டு அவர் கை நீட்டியபோது அவள் நூற்று இருபத்தைந்தைக் கொடுத்தாள். அட்டையின் மூலையில் இருந்த எண்ணைப் பார்த்தார். படுக்கையில் வைத்தார்.

“அதுவும் போயிருச்சுங்க,” என்றாள். “பொட்டலத்தோட.”

அவர் அவளைப் பார்க்கவில்லை. தலையணைக்கு அடியில் கை விட்டு டிரைவரின் துண்டுச் சீட்டை எடுத்தார். அது அங்கே இருந்ததே அவளுக்குத் தெரியாது. மடிப்பை மார்பின் மேல் வைத்து நீவினார். ஏழு, இருபத்திரண்டு, தொண்ணூறு முதல் நூற்றுப் பதினெட்டு வரை. விரல் அதற்கு அடுத்த எண்ணில், இருநூற்று மூன்றில் போய் நின்றது. பிறகு நடுவில் இருந்த வெற்றிடத்தில் இரண்டு தடவை தட்டியது. மனைவியின் முகத்தைப் பார்த்தால் பொய் தெரிந்துவிடும் என்று சொல்வார்கள். அவருக்கு முகம் தேவைப்படவில்லை. எந்த எண் இல்லை, எந்த எண் இருந்தாக வேண்டும் என்பது அவருக்கு மூச்சு மாதிரி.

“அது,” என்றார்.

பதினோரு விதத்தில் ஒன்றல்ல. அவள் சமையலறைக்குப் போனாள். அரிசி டின்னை நகர்த்தினாள். ஒன்பதையும் எடுத்து வந்துவிடலாமா என்று ஒரு கணம் நின்றாள். நூற்று இருபத்து நான்கை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

மற்றவற்றைப் போலவே இதிலும் கடைசிப் பக்கத்துக்கு நேராகப் போவார் என்று நினைத்தாள். போகவில்லை. முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். கட்டம் கட்டமாக, அவசரமே இல்லாமல், முந்நிழலன் மலை ஏறுவதையும், இரண்டாவது நிழலைக் கிணற்றுக்குள் அனுப்புவதையும், மேற்கே வானம் சிவப்பதையும் பார்த்தார். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பக்கம் மடங்கும் இடங்களில் பிடித்துக் கொடுத்தாள். அவர் தோளுக்கு மேலாக அந்தக் கதையை, இருபத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக, அவளும் பார்த்தாள். நிழல் திரும்புமா திரும்பாதா என்று ஒரு நிமிஷம் உண்மையிலேயே பதறினாள்.

கடைசிப் பக்கம் வந்தது. பென்சில் வரிசையின் முடிவில், கோணலாக, தாளை அழுத்தி: ‘பதினேழாவது தடவை. வலது கை மறுபடி மரத்துருச்சு. புத்தகம் ரெண்டு தடவை நழுவிருச்சு. அவகிட்ட சொல்லல. பயந்துருவா.’ அதற்குக் கீழே நீல மையில்: ‘ஐயா, சொல்லியிருக்கலாமே.’

அவர் விரல் வரியின் கீழ் நகரவில்லை. உதடும் அசையவில்லை. புத்தகத்தைத் திருப்பி, அவள் பக்கம் தள்ளினார். அவள் மடியில் அது விரிந்து கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியைக் கிளப்ப முயன்று முயன்று விட்டுக்கொண்டிருந்தார்கள்.

“படி,” என்றார் அவர்.

கரகரப்பாக, பாதி காற்றாக வந்தது. ஆனால் சொல். ஐந்து மாதத்தில் இரண்டாவது சொல். இந்தச் சத்தம் கேட்டதும் ஃபோனை எடுத்து மகளைக் கூப்பிட வேண்டும், பயிற்சிப் பெண்ணைக் கூப்பிட வேண்டும், டிரைவருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்று எத்தனையோ மதியங்களில் அவள் மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தாள். ஃபோன் மேஜை மேலேயே இருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. எழுத்துகள் கண்ணுக்கு முன்னால் தெளிவாகத்தான் இருந்தன.

அவர் இடது கையை நீட்டி அந்த வரியின் மேல் வைத்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“படி.”